டாக்டர் லைன்ல இருக்காங்க... ரூம்ல யார் இருக்காங்க?

நீங்கள் தேவனேரியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலை ஒட்டிய மீனவக் குப்பம். 2020 ஜூன் மாதம். உங்களுக்கு வயது 22. பீரியட்ஸ் 12 நாள் தள்ளிப்போயிருக்கிறது. அப்பா வீட்டில், அண்ணன் வீட்டில், காலேஜ் மூடியதால் தம்பியும் வீட்டில். மொத்த வீட்டுக்கும் ஒரே ஒரு ஸ்மார்ட்போன், அதில் தம்பியின் ஆன்லைன் கிளாஸ் ஓடுகிறது. 'போன்லயே டாக்டரைப் பார்க்கலாம்'னு டி.வி-யில் சொல்கிறார்கள்.

பார்க்கலாம்தான். எங்கே உட்கார்ந்து பேசுவது?

அந்தப் பெண் கற்பனைதான். சூழல் கற்பனை இல்லை. கொரோனா காலத்தில் 'டெலிமெடிசின்' என்ற வார்த்தை நம்ம ஊர் வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் வந்து சேர்ந்தது. சுகர், பி.பி, சளி, காய்ச்சல்... எல்லாவற்றுக்கும் போனைத் தூக்கினோம். ஆனால் பீரியட்ஸ், வெள்ளைப்படுதல், கருத்தடை, கர்ப்பம், கருக்கலைப்பு என்று வரும்போது கதை வேறு. இங்கே சிக்னல் இருந்தால் மட்டும் போதாது. பேச ஒரு தனி இடம் வேண்டும், பேசி முடித்த பிறகு ஊசியோ மாத்திரையோ கைக்கு வந்து சேர வேண்டும். அன்றைக்குக் கற்றுக்கொண்டது இன்றைக்கும் செல்லும் என்பதால், எது போனில் முடியும், எது முடியாது என்று ஒருமுறை முழுசாகப் பார்த்துவிடலாம்.

30 கிலோமீட்டர், பஸ் இல்லை

செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019 நவம்பர் 29-ல். நான்கே மாதத்தில் லாக்டௌன். புது மாவட்டத்தின் முதல் பெரிய பரீட்சையே அதுதான்.

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, திருக்கழுக்குன்றம் வழியாக சுமார் 30 கிலோமீட்டர். சாதாரண நாளில் ஒரு பஸ் டிக்கெட் விஷயம். 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 அமலுக்கு வந்தது, மறுநாள் தேசிய ஊரடங்கு. பஸ் நின்றது. ஜூன் 1-ம் தேதி மாநிலத்தின் பல பகுதிகளில் பஸ் ஓட ஆரம்பித்தபோதும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களுக்கும் சென்னைக்கும் அந்தச் சலுகை இல்லை. தொற்று அதிகம் என்று தனி மண்டலங்களாக ஒதுக்கிவைத்திருந்தார்கள். ஜூன் 19 முதல் 30 வரை சென்னையோடு சேர்த்து செங்கல்பட்டின் சில பகுதிகளிலும் மறுபடி கடுமையான ஊரடங்கு. மாவட்டத்துக்குள் பஸ் ஓடத் தொடங்கியது செப்டம்பர் 1-ம் தேதிதான்.

கூடவே வருமானமும் நின்றிருந்தது. தொல்லியல் துறை தன் நினைவுச்சின்னங்களை மார்ச் 17-லேயே மூடியிருந்தது. டூரிஸ்ட்டை நம்பி சங்கு மாலை விற்பவர், கல் சிற்பம் செதுக்குபவர், ஹோட்டலில் பாத்திரம் கழுவும் அக்கா என எல்லோரும் வீட்டில். கையில் காசு இருந்தால் ஆட்டோ பிடிக்கலாம். கையில் காசு இல்லை, இருந்தாலும் 'எங்கே போறே, எதுக்குப் போறே' என்று வீட்டிலும் கேட்பார்கள், வழியில் போலீஸும் கேட்கும். அந்தக் கேள்விக்கு 'காய்ச்சல்' என்று பதில் சொல்வது சுலபம். 'பீரியட்ஸ் வரலை' என்று சொல்வது?

மார்ச் 25-ல் வந்த விதிமுறை

லாக்டௌன் தொடங்கிய அதே நாளில், அதாவது 2020 மார்ச் 25-ல், இந்தியாவுக்கு முதல்முறையாக டெலிமெடிசினுக்கென்று ஒரு முழு வழிகாட்டு நெறிமுறை வந்தது. மருத்துவக் கவுன்சிலுக்குப் பதிலாக அப்போது இயங்கிய ஆளுநர் குழுவும் நிதி ஆயோக்கும் சேர்ந்து தயாரித்தது. அதற்கு முன் போனில் மருந்து சொல்வது சரியா தப்பா என்று டாக்டர்களுக்கே குழப்பம். இது வந்ததும் வீடியோ, ஆடியோ, சாட், இ-மெயில் எல்லாமே அனுமதிக்கப்பட்ட வழிகள் ஆகிவிட்டன.

நோயாளியாக உங்களுக்குப் பயன்படுகிற பகுதிகளை மட்டும் சொல்கிறேன். டாக்டர் தன் பெயர், தகுதி, பதிவு எண் ஆகியவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். பிரிஸ்கிரிப்ஷனிலும் அந்த எண் இருக்க வேண்டும். நீங்களாக அழைத்தால் அதுவே உங்கள் சம்மதமாக எடுத்துக்கொள்ளப்படும். 18 வயது ஆகவில்லை என்றால் பெரியவர் ஒருவர் கூட இருந்தால்தான் ஆலோசனை. முதல்முறை பேசும் டாக்டர் எல்லா மருந்தையும் எழுத முடியாது. பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ் மாதிரியானவற்றை எந்த வழியிலும் சொல்லலாம். தோலில் வரும் பூஞ்சைத் தொற்றுக்கான க்ளோட்ரிமசோல் களிம்பு மாதிரி சிலவற்றை, முதல்முறை என்றால் வீடியோவில் பார்த்துத்தான் எழுதலாம். ஏற்கெனவே நேரில் காட்டிய அதே பிரச்னைக்கு ஆறு மாதத்துக்குள் திரும்பப் பேசினால் அது 'ஃபாலோ-அப்'. அப்போது கூடுதல் மருந்துகளுக்கு இடம் உண்டு. போதைத் தன்மையுள்ள, தீவிரக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகளை எந்தச் சூழலிலும் போனில் எழுதக் கூடாது.

பலருக்கும் தெரியாத இரண்டு விஷயங்களும் அதில் இருக்கின்றன. ஒன்று, 'நான் நேரில் வர்றேன் டாக்டர்' என்று நீங்கள் தயாராக இருக்கும்போது, 'வேண்டாம், போன்லயே பேசிக்கலாம்' என்று டாக்டர் வற்புறுத்துவது ஒழுங்கு மீறல். இரண்டு, நீங்கள் அனுப்பும் அந்தரங்கமான படத்தையோ தகவலையோ தவறாகப் பயன்படுத்துவதும் ஒழுங்கு மீறல். படம் அனுப்பச் சொன்னால் 'எதுக்கு, எங்கே சேமிப்பீங்க?' என்று கேட்பது உங்கள் உரிமை. முகம் தெரியாமல் எடுத்து அனுப்புங்கள். அனுப்ப மனசில்லையா? 'நேரில் காட்டுறேன்' என்று சொல்லிவிடலாம், தப்பே இல்லை.

இன்னொன்று, ஏ.ஐ சாட்பாட்கள் நோயாளிக்கு மருந்து எழுதவோ ஆலோசனை சொல்லவோ அந்த நெறிமுறை அனுமதிக்கவில்லை. டாக்டருக்கு உதவி செய்யலாம், அவ்வளவுதான். இப்போது பீரியட்ஸ் டவுட்டை எல்லாம் ஏ.ஐ-யிடம் கேட்கிறோம் இல்லையா, அதனால் சொன்னேன்.

போன் யாருடையது?

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று 2019-21-ல் நடந்தது. அதன்படி தமிழ்நாட்டுப் பெண்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் தாங்களே பயன்படுத்தும் செல்போன் வைத்திருந்தார்கள். நாட்டு சராசரி 54 சதவிகிதம்தான், எனவே நாம் பரவாயில்லை. ஆனால் எப்போதாவது இன்டர்நெட் பயன்படுத்தியிருக்கிறேன் என்று சொன்னவர்கள் தமிழ்நாட்டிலேயே பாதிக்கும் குறைவு. பட்டன் போனில் வீடியோ கால் வராது. முதல்முறை வீடியோவில்தான் எழுதலாம் என்ற மருந்துகள் எல்லாம் அந்தப் பெண்களுக்கு அங்கேயே எட்டாமல் போய்விட்டன.

சரி, போன் சொந்தம்தான் என்றாலும், சுவர் சொந்தமா? ஒற்றை அறை வீட்டில் ஸ்பீக்கரில் டாக்டர் 'கடைசியா எப்போ செக்ஸ் வெச்சுக்கிட்டீங்க?' என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? மாமியார் அடுப்படியில் இருக்கும்போது 'காப்பர்-டி எடுத்துடலாம்னு நினைக்கிறேன்' என்று சொல்ல முடியுமா? நேரில் போகும்போது கன்சல்டிங் ரூமில் ஒரு கதவு இருக்கும், ஒரு ஸ்கிரீன் இருக்கும், 'கூட வந்தவங்க கொஞ்சம் வெளியே இருங்க' என்று நர்ஸ் சொல்வார். போனில் அதைச் சொல்ல ஆளில்லை.

ஆகவே கால் போடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. ஹெட்போன் போடுங்கள், டாக்டர் பேசுவது உங்களுக்கு மட்டும் கேட்கும். தொடங்கியதுமே 'டாக்டர், பக்கத்துல ஆள் இருக்காங்க, ஆமாம்/இல்லைன்னு பதில் வர்ற மாதிரி கேளுங்க' என்று சொல்லிவிடுங்கள். அனுபவமுள்ள டாக்டருக்கு இது உடனே புரியும். அதுவும் முடியாதா? சாட்டில் டைப் செய்து கேட்கலாம், அதுவும் அனுமதிக்கப்பட்ட வழிதான். தண்ணீர் பிடிக்க, மாடியில் துணி காயப்போட, கடைக்குப் போக என வெளியே போகும் ஒரு பத்து நிமிடத்தைக் குறித்துவைத்துக்கொண்டு அந்த நேரத்துக்கு அழைக்கச் சொல்லலாம். கடைசி பீரியட்ஸ் தேதி, சாப்பிடும் மருந்துகள், பழைய ரிப்போர்ட், எடை, பி.பி இவற்றை ஒரு பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டால் பேச வேண்டிய நேரமே பாதியாகிவிடும்.

கணவரோ வேறு யாரோ போனை வாங்கிப் பார்ப்பார்கள் என்றால், முதலில் கால் லாக்கையும் மெசேஜையும் யோசியுங்கள். அடி, மிரட்டல் என்று விஷயம் போனால் 181 பெண்கள் உதவி எண் இருக்கிறது. பட்டன் போனில் இருந்தும் போகும்.

போனிலேயே முடிவது எது?

நிறையவே முடியும். ஆஸ்பத்திரி வாசலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, உள்ளே மூன்று நிமிடம் பேசிவிட்டு வருகிற பல விஷயங்கள் போனிலேயே முடிந்துவிடுபவை.

பீரியட்ஸ் தள்ளிப்போனால் முதல் படி வீட்டிலேயே. மெடிக்கலில் கிடைக்கும் பிரெக்னன்சி கிட், காலையில் முதல் சிறுநீர், ரிசல்ட். அரசு வழியில் 'நிஷ்சய்' என்ற பெயரில் இலவசமாகவும் தருகிறார்கள். நெகட்டிவ், ஆனாலும் பீரியட்ஸ் வரவில்லை என்றால் ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அதற்குப் பிறகு டாக்டரிடம் பேசினால், 'ஸ்ட்ரெஸ், தூக்கம், எடை, தைராய்டு, பி.சி.ஓ.எஸ்' என்று வரிசையாகக் கேட்டு, என்ன டெஸ்ட் தேவை என்று எழுதித் தருவார். பி.சி.ஓ.எஸ் என்று ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு ஃபாலோ-அப் முழுக்க போனிலேயே போகலாம். ரிப்போர்ட்டை அனுப்பினால் போதும்.

கருத்தடை பற்றிய ஆலோசனையும் அப்படித்தான். தினமும் சாப்பிடும் மாத்திரையில் ஒன்று விட்டுப்போனால்? ஞாபகம் வந்ததும் சாப்பிடுங்கள், அன்றைய மாத்திரையோடு சேர்ந்து ஒரே நாளில் இரண்டானாலும் பரவாயில்லை. புதிதாகத் தொடங்குவதற்கு மட்டும் ஒரு பி.பி ரீடிங் தேவை. பி.பி 140/90-க்கு மேல் இருந்தாலோ, கண்ணில் மின்னல் மாதிரி தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி இருந்தாலோ இந்த மாத்திரை சரிப்படாது, டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அரசு இலவசமாகத் தரும் 'சாயா' மாத்திரை வேறு கணக்கு: முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரம் ஒன்று. ஹார்மோன் இல்லாதது. இதையெல்லாம் போனில் புரியவைத்துவிடலாம்.

'அந்தரா' ஊசி போட்டுக்கொண்டவர்கள் 2020 ஏப்ரலில் நிறைய பயந்திருப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டியது, ஆனால் வெளியே போக முடியாது. தேதி தாண்டி நான்கு வாரம் வரைக்கும் போட்டுக்கொள்ளலாம் என்பது அப்போது பலருக்குத் தெரியாது. இந்த ஒற்றை வரியை யாராவது போனில் சொல்லியிருந்தாலே பாதி பயம் போயிருக்கும். ஆனால் ஊசியை போன் போடாது இல்லையா... நான்கு வாரமும் தாண்டினால் ஆணுறை, பிறகு நேரில். காப்பர்-டி போட்டவர்களுக்கும் இதே ஆறுதல். 380-ஏ வகை பத்து வருடம் வேலை செய்யும், லாக்டௌனுக்காக அவசரப்பட்டு எடுக்கவோ மாற்றவோ வேண்டியதில்லை.

வெள்ளைப்படுதலில் ஒரு சின்ன வித்தியாசம் பாருங்கள். தயிர் மாதிரி திட்டுத்திட்டாக, அரிப்போடு வந்தால் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. டாக்டர் கேள்வி கேட்டே கண்டுபிடித்துவிட வாய்ப்பு அதிகம். துர்நாற்றம், கூடவே அடிவயிற்று வலி, காய்ச்சல் என்றால் போனை வைத்துவிட்டு நேரில் போங்கள்.

கடலோரத்தில் கிடைக்காத ஒரு மாத்திரை

கருத்தடை இல்லாமல் உறவு நடந்துவிட்டது, அல்லது ஆணுறை கிழிந்துவிட்டது. அவசர கருத்தடை மாத்திரையான லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், 72 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும், சீக்கிரம் என்றால் சீக்கிரம் நல்லது. இதற்கு இந்தியாவில் பிரிஸ்கிரிப்ஷனே தேவையில்லை. போன் டாக்டரும் தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் தமிழ்நாட்டில் மெடிக்கலில் கேட்டுப் பாருங்கள். எஃப்.ஆர்.ஹெச்.எஸ் இந்தியா என்ற அமைப்பு 2020-ல் ஆறு மாநிலங்களின் மருந்துக் கடைகளில் நடத்திய ஆய்வு இதைச் சொல்கிறது: மற்ற மாநிலங்களில் பெரும்பாலான கடைகளில் இருந்த இந்த மாத்திரை, தமிழ்நாட்டில் 3 சதவிகிதக் கடைகளில்தான் இருந்தது. சட்டப்படி தடை இல்லாத மாத்திரை, கேட்டால் 'அதெல்லாம் வெக்கிறதில்லைம்மா' என்ற பதில். லாக்டௌன் சமயத்தில் 72 மணி நேரத்துக்குள் எத்தனை கடை ஏறி இறங்குவது? இணையத்தில் ஆர்டர் போட்டால் வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிடும்.

கிடைக்கவில்லை என்றால் இன்னொரு வழி உண்டு. ஐந்து நாளுக்குள் காப்பர்-டி போட்டுக்கொண்டால் மாத்திரையைவிட நன்றாக வேலை செய்யும். அரசு மருத்துவமனையில் இலவசம். நேரில்தான் போக வேண்டும், ஆனால் ஐந்து நாள் அவகாசம் இருக்கிறது.

கருக்கலைப்பு: போன் பாதி, ஆஸ்பத்திரி மீதி

நாம் ஆரம்பத்தில் பார்த்த தேவனேரிப் பெண்ணுக்கு கிட்டில் இரண்டு கோடு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு அந்தக் கர்ப்பம் வேண்டாம்.

முதலில் காலண்டர். டாக்டர்கள் கர்ப்பத்தின் வாரத்தை எண்ணுவது உறவு நடந்த நாளிலிருந்து அல்ல, கடைசி பீரியட்ஸின் முதல் நாளிலிருந்து. எனவே பீரியட்ஸ் தள்ளிப்போன அன்றே நான்கு வாரம் முடிந்திருக்கும். 12 நாள் தள்ளிப்போனால் ஐந்தரை வாரத்தைத் தாண்டியாச்சு. மிஃபிப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் மாத்திரைகளால் கருக்கலைக்க இந்தியாவில் ஒப்புதல் உள்ளது ஒன்பது வாரம் வரை. அதாவது அவர் கையில் மிச்சம் இருப்பது மூன்றரை வாரத்துக்கும் குறைவு. அதில் ஜூன் 19-30 ஊரடங்கு 12 நாளைச் சாப்பிட்டுவிடும்.

இதே நேரத்தில் இங்கிலாந்தில் என்ன நடந்தது தெரியுமா? 2020 மார்ச் 30 முதல், டாக்டரிடம் போனிலோ வீடியோவிலோ பேசி, பத்து வாரத்துக்குள் என்றால் இரண்டு மாத்திரைகளையும் வீட்டுக்கே வரவழைத்துச் சாப்பிட அனுமதித்தார்கள். பிறகு 52,142 கருக்கலைப்புகளின் பதிவுகளை ஆராய்ந்ததில், பழைய முறையில் 98.2 சதவிகிதம், டெலிமெடிசினும் சேர்ந்த புது முறையில் 98.8 சதவிகிதம் வெற்றி. காத்திருப்பு நேரமும் சராசரியாக நான்கு நாள் குறைந்தது. 2022-ல் அதை நிரந்தரமாக்கிவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனமும் அதே ஆண்டு மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டுதலில் டெலிமெடிசினை ஒரு வழியாகப் பரிந்துரைத்தது.

இங்கே அப்படி இல்லை. 1971-ம் ஆண்டு எம்.டி.பி சட்டப்படி, தகுதி பெற்ற டாக்டர் மட்டுமே கருக்கலைப்பு செய்யலாம், மாத்திரையும் அவர் எழுதித்தான் கிடைக்க வேண்டும், அவசரம் என்றால் அனுப்ப அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையோடு அவருக்குத் தொடர்பு இருக்க வேண்டும். போனில் பேசலாம், நாளைக் கணக்கிடலாம், சந்தேகம் கேட்கலாம். மாத்திரை வாங்கும் கட்டத்தில் நேரில் போயாக வேண்டும். அதோடு முன்பு சொன்ன அதே 2020 ஆய்வில், இந்த மாத்திரை இருந்த தமிழ்நாட்டுக் கடைகள் வெறும் 2 சதவிகிதம். ஆகவே சீட்டு கையில் இருந்தாலும் கடையில் கிடைக்கும் என்று நம்பி உட்கார முடியாது.

விளைவு? ஐபாஸ் டெவலப்மென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் கணிப்புப்படி, இந்தியாவில் 2020 மார்ச் 25-லிருந்து மூன்று மாதத்தில் சாதாரணமாக நடந்திருக்கக்கூடிய 39 லட்சம் கருக்கலைப்புகளில் 18.5 லட்சம் தடைபட்டிருக்கலாம். இத்தனைக்கும் கருக்கலைப்பு 'அத்தியாவசிய சேவை' என்று மத்திய சுகாதாரத் துறை ஏப்ரலிலேயே சொல்லியிருந்தது. சேவை அத்தியாவசியம், ஆனால் போய்ச் சேர பஸ் இல்லை. எனக்கு இதை எழுதும்போதும் கோபம் வருகிறது.

அதற்குப் பிறகு சட்டம் நல்லபடியாக மாறியிருக்கிறது. 2021 திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும், குறிப்பிட்ட சூழல்களில் இருக்கும் பெண்களுக்கு இரண்டு டாக்டர்களின் கருத்தோடு 24 வாரம் வரை. 'கணவர்' என்ற வார்த்தை 'துணை' என்று மாறியது. 2022 செப்டம்பர் 29-ல் உச்ச நீதிமன்றம், திருமணமாகாத பெண்ணுக்கும் இதில் சம உரிமை என்று தீர்ப்பளித்தது. 18 வயது ஆகிவிட்டால் உங்கள் சம்மதம் மட்டும் போதும். அப்பா, அம்மா, கணவர் கையெழுத்து சட்டத்தில் எங்கேயும் இல்லை. யாராவது கேட்டால் அது அவர்கள் பழக்கம், சட்டம் இல்லை. உங்கள் பெயரை வெளியே சொல்லும் டாக்டருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கும் வழி உண்டு. 18 வயதுக்குக் கீழ் என்றால் பாதுகாவலர் சம்மதம் தேவை, போக்சோ சட்டப்படி போலீஸுக்குத் தகவலும் போகும். ஆனால் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அந்தத் தகவலில் பெயரை டாக்டர் சொல்ல வேண்டியதில்லை என்று அதே தீர்ப்பில் இருக்கிறது.

யாரோ தெரிந்தவர் கொண்டுவந்து தரும் மாத்திரை, வாட்ஸ்அப்பில் விற்கும் மாத்திரை, பப்பாளி, அன்னாசி வைத்தியம்... இவற்றைச் செய்துவிட்டு ரத்தப்போக்கோடு போனில் டாக்டரைத் தேட வேண்டாம். ஏற்கெனவே செய்துவிட்டீர்கள் என்றால் வெட்கப்படாமல் டாக்டரிடம் என்ன சாப்பிட்டீர்கள், எப்போது என்று அப்படியே சொல்லுங்கள்.

போனை வைத்துவிட்டு 108

இந்த அறிகுறிகளுக்கு எந்த வீடியோ காலும் வேண்டாம்: ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் முழுசாக நனைந்து, அது தொடர்ந்து இரண்டு மணி நேரம் நீடித்தால். பீரியட்ஸ் தள்ளிப்போன நிலையில் அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் வந்தால். இது கரு குழாயில் தங்கியதற்கான அறிகுறியாக இருக்கலாம், உயிருக்கு ஆபத்து. கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, நீர் வடிதல், கடும் தலைவலியோடு கண் மங்குதல், வலிப்பு, குழந்தையின் அசைவு குறைதல்... எல்லாமே 108தான்.

கர்ப்ப கால செக்-அப்பை முழுசாக போனுக்கு மாற்ற முடியாது என்பதற்கும் காரணம் இதுதான். பி.பி, ரத்தத்தில் ஹீமோகுளோபின், சிறுநீரில் புரதம், ஸ்கேன் ஆகியவற்றை கேமரா அளக்காது. நடுவில் வரும் 'வாந்தி நிக்கலை', 'இந்த மாத்திரை சாப்பிடலாமா', 'ரிப்போர்ட்டைப் பாருங்க' ஆகியவற்றை மட்டும் போனுக்கு மாற்றலாம். அப்படி மாற்றினாலே ஒரு கர்ப்பிணிக்கு சில பஸ் பயணம் மிச்சம். கர்ப்பம் உறுதியானதும் பிக்மி பதிவு செய்து ஆர்.சி.ஹெச் எண் வாங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள். பிறப்புச் சான்றிதழ் முதல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவி வரை அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.

நடுவில் ஒரு நர்ஸம்மா

கொரோனா காலத்தில் அரசின் இலவச டெலிமெடிசின் சேவையான ஈ-சஞ்சீவனி ஓ.பி.டி, 2020 ஏப்ரல் 13-ல் தொடங்கியது. மொஹாலியில் உள்ள சி-டாக் உருவாக்கியது. வீட்டிலிருந்தே டாக்டரோடு பேசலாம். முதல் சில மாதங்களில் இதை அதிகம் பயன்படுத்திய மாநிலம் எது தெரியுமா, தமிழ்நாடு. 2023 பிப்ரவரியில் நாடு முழுக்க மொத்தம் 10 கோடி ஆலோசனைகளைத் தாண்டியது. பயனாளிகளில் பாதிக்கு மேல் பெண்கள்.

ஆனால் அந்தப் 10 கோடியில் பெரும்பாலானவை வீட்டில் உட்கார்ந்து தனியாகச் செய்த கால் இல்லை. கிராமத்து சுகாதார நிலையத்தில், ஒரு சுகாதாரப் பணியாளர் பக்கத்தில் இருந்து, டாக்டரை ஸ்கிரீனில் கூப்பிட்டுக் கொடுத்தவை. அவர் பி.பி பார்க்கிறார், எடை பார்க்கிறார், டாக்டர் சொல்வதை நம்ம பாஷையில் சொல்கிறார், மாத்திரையையும் அங்கேயே தருகிறார். எல்லாவற்றுக்கும் மேலே, அது உங்கள் வீடு இல்லை. மாமியார் அடுப்படியில் இல்லை.

செங்கல்பட்டுப் பக்கம் இது புது யோசனையும் இல்லை. 1981-ல் இதே பகுதியில் ருவ்செக் என்ற அமைப்பைத் தொடங்கியவர்கள் 13 பெண்கள். டி.கே.சுந்தரி ரவீந்திரனோடு, உள்ளூர் கிராமங்களைச் சேர்ந்த 12 தலித் பெண்கள். ஊர்ப் பெண்களையே பயிற்சி கொடுத்து சுகாதாரப் பணியாளர்களாக்கி, உடம்பு, பீரியட்ஸ், பிரசவம், கருத்தடை, வீட்டு வன்முறை எல்லாவற்றையும் பேசவைத்தார்கள். பின்னாளில் திருக்கழுக்குன்றம் அருகே இனப்பெருக்க நலனுக்கென்றே ஒரு கிளினிக்கும் நடத்தினார்கள். செல்போன் வருவதற்கு முன்பே, டாக்டருக்கும் ஊருக்கும் நடுவில் நம்பிக்கையான ஒரு பெண் இருந்தால் எவ்வளவு நடக்கும் என்பதற்கு அது உதாரணம்.

உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்தில் இருக்கும் கிராம சுகாதார செவிலியர்தான் இன்றைக்கு அந்த நடு ஆள். ஊரே 'நர்ஸம்மா' என்று கூப்பிடும். ஒரு தயக்கம் இருக்கும், தெரியும். 'அவங்க எங்க அத்தைக்குத் தெரிஞ்சவங்களாச்சே!' அப்படியென்றால் பக்கத்து ஊர் நிலையத்துக்குப் போகலாம், அல்லது 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம். 104 உங்கள் ஊர்க்காரர் இல்லை. பட்டன் போனும் போதும்.

ஈ-சஞ்சீவனியை வீட்டிலிருந்து பயன்படுத்துவது சிரமமில்லை. மொபைல் எண்ணைக் கொடுத்தால் ஓ.டி.பி வரும், விவரம் நிரப்பினால் டோக்கன் வரும், வரிசையில் காத்திருந்தால் வீடியோ கால், முடிந்ததும் மருந்துச் சீட்டு. அந்த ஓ.டி.பி-யும் மெசேஜும் எந்த எண்ணுக்கு வருகிறது என்பதை மட்டும் முதலிலேயே பாருங்கள். அம்மாவின் எண் என்றால் அம்மாவின் போனில்தான் எல்லாமே விழும். பெண் டாக்டர்தான் வேண்டும் என்றால் லைனில் வந்ததுமே கேளுங்கள். பேசி முடித்ததும் சீட்டை டவுன்லோடு செய்து, குடும்ப குரூப் போட்டோக்கள் விழும் கேலரியில் இல்லாமல் வேறு ஃபோல்டரில் போட்டுவையுங்கள். ஆறு மாதத்துக்குள் அதே பிரச்னைக்கு மறுபடி பேச வேண்டி வந்தால், டாக்டர் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.